ஓடிபி வரும் வரை

— வாஷிங் மெஷின் ஹோஸ்தான் மேடம். கொஞ்சம் லூசா இருந்துச்சு, டைட் பண்ணிட்டேன். இனிமே தண்ணி ஒழுகாது.

— அப்படியா? வந்தது வந்தீங்க, அந்த டிரம்மையும் பாத்துடுங்களேன் மெக்கானிக்.

— டிரம்முக்கு என்ன? இப்பதானே ஓட்டிப் பாத்தேன். நல்லா சுத்துதே.

— நீங்க வந்தா மட்டும் நல்லா சுத்தும். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார். ராத்திரியெல்லாம் இருமுவார், டாக்டரைப் பாத்ததும் இருமல் நின்னுடும்.

— சரி, மறுபடி கழட்டிப் பாத்துடறேன்.

— அவசரமில்லை. முதல்ல டீயைக் குடிங்க. வேண்டாம்னுதான் சொல்லப் போறீங்க, இருந்தாலும் போட்டுட்டேன்.

— குடுங்க மேடம்.

— என்னது?

— டீயைக் குடுங்கன்னேன்.

— அதிசயமா இருக்கே. எத்தனை தடவை வந்திருப்பீங்க, ஒரு நாள் வாங்கிக் குடிச்சதில்லை. போன் கத்தும், அடுத்த வீடு அடுத்த வீடுன்னு ஓடுவீங்க.

— அது கம்பெனி ஆப் மேடம். ஒரு வீட்ல அரை மணிக்கு மேல நின்னா நம்ம பேரு சிவப்பாயிடும். ஏன் லேட்டுன்னு கேக்கும், டீ குடிச்சேன்னு சொல்ல அதுல இடமே கிடையாது.

— இன்னைக்குக் கத்தக் காணோமே?

— சைலன்ட்ல போட்டிருக்கேன்.

— கம்பெனி சட்டை எங்கே?

— துவைக்கப் போட்டிருக்கேன்.

— வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கே மாத்துச் சட்டை இல்லையா?

— நல்லா கேட்டீங்க போங்க. டீ நல்லாருக்கு மேடம்.

— சர்க்கரை சரியா இருக்கா? ஒரு ஆளுக்குப் போட்டுப் போட்டு கைக்கு வேற அளவே வரமாட்டேங்குது.

— யாரும் வர்றதே இல்லையா?

— ஏன் வராம? நாள் முழுக்க மணி அடிக்குது. அரிசி வருது, மாத்திரை வருது, போன வாரம் தலகாணிகூட வந்துச்சு. வெளியூர்ல இருக்கற பொண்ணு அங்கேருந்தே எல்லாத்தையும் ஆர்டர் போட்டுடறா. நான் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து போறதுக்குள்ள, வாசல்ல வெச்சு போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. என் கதவு எத்தனையோ பேர் போன்ல இருக்கும். என் முகம் ஒருத்தர்கிட்டயும் இருக்காது.

— நின்னா அவங்களுக்கும் சிவப்பாயிடும் மேடம்.

— தெரியும், கோவமில்லை. நானும் பேங்க் கவுன்ட்டர்ல உக்காந்தவதான். ஒரு வாய் தண்ணி குடிக்க விடமாட்டாங்க ஜனங்க. கையெழுத்துச் சரியில்லைன்னு திருப்பி அனுப்பினா சண்டைக்கு வருவாங்க. எப்படா இவங்க வராம இருப்பாங்கன்னு புலம்புவேன். அப்புறம் எல்லாமே போன்லயே ஆச்சு, நிஜமாவே வராம போயிட்டாங்க. கிளையை மூடி, ஆளுக்கொரு பூங்கொத்து குடுத்து எங்களை அனுப்பிட்டாங்க. உங்க வீடு பரவாயில்லை, பையன் கூடவே இருக்கான்.

— இருக்கான். வீட்லேருந்தே வேலை பாக்குறான். ஏதோ கம்பெனிக்காக கஸ்டமர் கேள்விக்குப் பதில் டைப் பண்ணணும். காலையில ஸ்கிரீன்ல கண்ணை வெச்சா சாயங்காலம்தான் எடுப்பான். ஒரே நேரத்துல ஆறு பேர்கிட்ட பேசறான். ஏழாவதா நான் போய் நின்னா, கையைக் காட்டி, இருப்பா, வர்றேங்கறான்.

— இருப்பீங்களா?

— இருப்பேன். அவன் திரும்பறப்ப என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே மறந்திருக்கும்.

— அது சரி, எக்ஸ்சேஞ்ச் பாட்டை இன்னைக்குப் பாடவே இல்லையே? பழசைக் குடுங்க, புதுசை எடுங்கன்னு செருப்பைக் கழட்டும்போதே ஆரம்பிப்பீங்க.

— பாடியே ஆகணும்னு ஆர்டர் மேடம். மாசத்துக்கு இத்தனை மெஷின் தள்ளணும். உங்க மாடலுக்கு ஸ்பேர் அனுப்பறதையே நிறுத்திட்டாங்க. போன தடவை போட்ட பெல்ட்டுகூட யாரோ தூக்கிப் போட்ட மெஷின்லேருந்து நான் கழட்டி வெச்சிருந்ததுதான். ரிப்பேர் பண்றவனுக்கு இப்ப மதிப்பில்லை. ரிப்பேர் ஆகாதுன்னு சொல்றவனுக்குத்தான் மதிப்பு.

— உங்களுக்கு அது வரலையாக்கும்?

— நல்லா சுத்துற மெஷினைப் பாத்து செத்துப்போச்சுன்னு எப்படிச் சொல்றது?

— அப்ப நான் ஒண்ணு எடுத்துக்கறேன். எழுதிக்கோங்க.

— என்ன மேடம்?

— புதுசு. பொண்ணும் ரொம்ப நாளா வாங்கு வாங்குங்கறா. உங்க பேர்லதானே ஏறும்? உங்க வேலை போகாதுல்ல?

— வேண்டாம் மேடம்.

— ஏன், என் காசு செல்லாதா?

— புதுசு வந்தா மெக்கானிக் வரமாட்டான். கோளாறு வந்தா அந்த மெஷினே கம்பெனிக்குச் சொல்லிடும். அவங்க வீடியோ கால்ல வந்து, இதைத் திருகுங்க, அதை அமுக்குங்கன்னு உங்களையே செய்ய வெச்சுடுவாங்க.

— அப்ப நீங்க?

— நானும் வரமாட்டேன்.

— அதுக்காகத்தான் இத்தனை நாளா என்கிட்ட ஒழுங்கா விக்கலையா?

— விக்கலைன்னு சொல்லாதீங்க. ஒரு தடவை விடாம சொன்னேனே.

— சொன்னீங்க. எங்க வாங்கிடுவேனோன்னு பயந்துக்கிட்டே சொன்னீங்க.

— டீ ஆறிப்போச்சு மேடம்.

— ஆறினா வேற போட்டுத் தர்றேன். எனக்கும் பயம்தான் மெக்கானிக். இந்த மெஷின் நின்னுட்டா இந்த வீட்டுக்குள்ள கால் வைக்க ஒரு மனுஷர் கிடையாது. தனியா இருக்கறது போகப் போகப் பழகிடும்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குப் பழகவே இல்லை.

— எனக்கும் பழகலை மேடம். பையன் பக்கத்து ரூம்லதான் இருக்கான், இருந்தும் பழகலை.

— சரி விடுங்க. ஓடிபி கேக்கலையே இன்னைக்கு? அந்த நம்பரைச் சொன்னாதானே வேலை முடிஞ்சதா கம்பெனி ஒத்துக்கும்?

— ஆமா, மறந்தே போச்சு. போனைப் பாருங்க, வந்திருக்கும்.

— எப்பவும் நான் கண்ணாடியைத் தேடற மாதிரி நேரத்தைக் கடத்துவேன், நீங்க வாசலையே பாத்துக்கிட்டு நிப்பீங்க.

— கண்ணாடி உங்க தலைமேலயே இருக்கும். எனக்குத் தெரியும், சொன்னதில்லை.

— அடப்பாவி. வரலையே மெக்கானிக்.

— டவர் சரியில்லையோ என்னவோ. சில நேரம் லேட்டா வரும்.

— ரொம்ப லேட்டாச்சுன்னா?

— அது வராம நான் கிளம்பக் கூடாது, ரூல் அப்படி. உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா வர்ற வரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன்.

— எப்ப நிறுத்தினாங்க?

— எதை மேடம்?

— உங்களை.

— யார் சொன்னா?

— யாரும் சொல்லலை. ஓடிபி எப்படி வரும் மெக்கானிக்? இந்தத் தடவை நான் கம்ப்ளெயின்ட்டே குடுக்கலையே. நீங்க மணி அடிச்சீங்க, நான் கதவைத் திறந்தேன்.