ஒரு பக்கம் கூடிப்போன வானம்

இல்லண்ணே, இதே மண்டபம்தான். எறங்கல. நீங்க பாட்டுக்கு ஆட்டோவை ஓட்டுங்க, வாசல்ல மட்டும் நிறுத்திடாதீங்க.

உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூஞ்சியைத்தான் எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

வேலையா? வானத்தை எண்ணுறது. சிரிக்காதீங்க. எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் பிரபஞ்சம் ஒரே மாதிரி இருக்கான்னு சோதிக்கணும். டெலஸ்கோப்ல எடுத்த படத்தை வெச்சு, வானத்தோட இந்தப் பாதியில எத்தனை நட்சத்திரக் கூட்டம், அந்தப் பாதியில எத்தனைன்னு எண்ணணும். ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா வரணும்.

எனக்கு வரல. ஒரு பக்கம் கூடிப்போச்சு. தலைகால் புரியல எனக்கு.

இன்னொருத்தர் தனியா எண்ணிப் பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, அது எங்க ஆபீஸ் வழக்கம். நானும் யார்கிட்டயும் சொல்லல, அப்பாவைத் தவிர. அவரு சலூன் வெச்சிருக்காரு. துண்டைப் போத்தி உக்கார வெச்ச ஆளு எங்க எழுந்து ஓடுவான், சொல்லுங்க? என் பொண்ணு பிரபஞ்சத்தையே புரட்டிப் போட்டுட்டான்னு வர்ற தலைக்கெல்லாம் சொல்லியிருக்காரு. கடைத்தெரு ஆளுங்க சேர்ந்து மண்டபம் பிடிச்சுட்டாங்க. இன்னிக்கு எனக்குப் பாராட்டு விழாவாம்.

இன்னிக்குக் காலையில, என்கூட வேலை செய்யற அக்கா எண்ணி முடிச்சாங்க. திட்டக்கூட இல்ல. பாதி வானத்தைப் படம் எடுத்தப்புறம் டெலஸ்கோப் கண்ணாடியைக் கழுவியிருக்காங்களேம்மா, பார்க்கலியான்னு கேட்டாங்க. அவ்வளவுதான். கண்ணாடி பளிச்சுன்னு ஆனதும், மங்கலாக் கெடந்ததெல்லாம் தெரிஞ்சிருக்கு. அதான் அந்தப் பக்கம் கூடுதல். அழுக்குக் கண்ணாடியைக் கவனிக்காம பிரபஞ்சத்துல குத்தம் கண்டுபிடிச்சிருக்கேன். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

அப்பாவுக்கா? தெரியும். அப்பவே போன் பண்ணி அழுதேன். நீ வராதம்மா, நான் பார்த்துக்கறேன்னாரு. நானும் சரின்னு வெச்சிட்டேன்ணே. அதான் ரொம்ப அசிங்கமா இருக்கு. வீட்டுல இருக்கவும் முடியல, வந்து எறங்கவும் முடியல.

தெரியுதா? வாசல்ல, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, வர்றவங்க ஒவ்வொருத்தரையும் மடக்கிக் கும்பிட்டுப் பேசிக்கிட்டிருக்காரே, அவருதான். என்ன சொல்றாருன்னு இங்கேருந்தே சொல்லுவேன், போன்லயே சொல்லிட்டாரு. என் பொண்ணு மேல தப்பில்லைங்க, அவ சரியாத்தான் சொன்னா, இந்தப் படிக்காத மண்டைக்குத்தான் ஏறல, நான்தான் உளறிட்டேன்னு.

கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே. பார்த்துட்டாருன்னா சிரிப்பாரு.