அடியில் தோண்டிய குவியல்

ஆரஞ்சுத் தோல் அவ்வளவு சீக்கிரம் மட்காது, ஐயா. வாழைத்தோல் சமர்த்து, சொன்ன நாளில் மண்ணாகிவிடும். ஆரஞ்சுத் தோல் கடைசிவரை அடம்பிடிக்கும். பெரிய வீட்டுக் கழிவில் இரண்டோடும் சேர்ந்து கரண்டி வரும், பிள்ளையின் ஜட்டி வரும். ஒருமுறை ஒரு சுவர்க் கடிகாரம் வந்தது, ஓடிக்கொண்டே. குப்பையைக் கிளறினால் மனிதர்களின் லட்சணம் தெரிந்துவிடும். நான் கிளறிய வரையில் தேறியவர்கள் குறைவு.

உரக்கூடத்து வாசலில் லாரியை நிறுத்திச் சோதிப்பது என் வேலை. கெட்ட சரக்கைத் திருப்பி அனுப்புவேன். நல்லதை லோடர் வண்டியில் அள்ளி, இலைதழையோடு கலந்து குவியல் போடுவேன். என் குவியலில் கை வைத்தால் சுடும். அதன் பக்கத்தில் வந்து மூக்கைப் பிடிப்பவனுக்கு மூக்கில்தான் கோளாறு.

என் தங்கை புருஷனை இங்கே சேர்த்துவிட்டதே நான்தான். தங்கை அழுதாள், சொல்லிப் பார்த்தேன், எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு வேலை வராது, வாய் வரும். அந்த வாயை வைத்தே மேலாளராகிவிட்டார். ஆனதும், இனி எந்த லாரியையும் திருப்பக் கூடாது என்றார். ஓட்டல் சரக்கிலிருந்து உடைந்த கண்ணாடியை எடுத்துக் காட்டினேன்.

"எல்லாத்தையும் சல்லடை பாத்துக்கும் மச்சான். நீங்க என்ன, பொண்ணா பாக்குறீங்க? இவ்ளோ நோட்டம் விடுறீங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சரக்கை உள்ளே விட்டேன்.

அந்த உரம் ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போனது. அங்கே வேலை செய்த பெண்ணின் உள்ளங்கை கிழிந்து நரம்பு அறுந்துவிட்டது. கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றாள். மேலாளர் என்னைக் கைகாட்டினார்.

"வாசல்ல நிக்கிறது இவருதாம்மா. வயசாயிடுச்சு, கண்ணு சரியாத் தெரியல. சொந்தக்காரராச்சேன்னு வெச்சிருக்கோம்."

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. பாவம் பார்த்தாள்.

அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மண் கெடக் கூடாது, அவ்வளவுதான். மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, பெரிய குவியலை அடியில் மட்டும் தோண்டினேன், மேற்புறம் நெற்றிபோலத் துருத்தி நிற்கும்படி. இந்தத் தொழிலில் யாரும் செய்யக் கூடாதது அது. இடிந்தால் கீழே நிற்பவன் மிஞ்சமாட்டான். எதுவரை நிற்கும், எங்கே தொட்டால் சரியும் என்று கண்டுபிடிக்கக் கைப்பக்குவம் வேண்டும். முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"மாப்ளே, உள்ள சூடே ஏற மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

வெப்பமானிக் கம்பியோடு வந்தார், குனிந்தார். மேலாளருக்கு மேலே பார்க்கத் தெரியவில்லை. லோடரில் ஏறி, அதன் முன்பக்கத்து இரும்புப் பக்கெட்டால் அந்த நெற்றியை லேசாகத் தட்டினேன். குவியல் சரிந்து அவரை மார்புவரை மூடியது.

"மச்சான், கையக் குடு."

அந்த நேரத்திலும் 'குடுங்க' என்று வரவில்லை பாருங்கள். வண்டியைத் திருப்பி ஒரு பக்கெட் அள்ளி வந்து, முகத்தின் மேல் கொட்டினேன். நல்ல சரக்கு, கண்ணாடியே இல்லாதது. பிறகு கைகழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன். அவரைத் தேடத் தொடங்கியபோது முதலில் மண்வெட்டி எடுத்தவனும் நான்தான்.

தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். "அவர வெளிய எடுக்க நீ எவ்ளோ பாடுபட்டியாம்ணா. எல்லாரும் சொன்னாங்க." தலையைத் தடவிக் கொடுத்தேன். அவளுக்கும் நல்லதுதான் செய்திருக்கிறேன், போகப்போகப் புரியும்.

நான் பேசாமல்தான் இருந்திருப்பேன், ஐயா. ஆனால் இன்று காலை உங்கள் விசாரணை முடிவைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். குவியலை முறையாகத் தோண்டத் தெரியாத லோடர் ஓட்டுநரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தாம்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தோண்டத் தெரியாது என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.