கதவு வைக்காத அறை

சாயங்காலம் ஆறே முக்கால். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பெரிய ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் என் நண்பனின் அண்ணி தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போகிறார். இரண்டு பக்கமும் விலைபோகாத மனைகள். ஒரு விளக்கு கிடையாது. வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியில் கிறீச்... கிறீச்... என்று இழுபடுகிறது. அதை நிறுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஏன் அந்த நேரத்தில் போனார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் யாரும் எழுந்து போகாதீர்கள். போனாலும் தனியாகப் போகாதீர்கள்.

அண்ணி கட்டட வரைபடம் போடுகிறவர். ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுத்துவிட்டு, கடைசியில் தனக்கென்று ஒன்று கட்ட ஆரம்பித்திருந்தார். ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் ஒன்று, கட்டுகிற இடத்து ஷெட்டில் ஒரு லேப்டாப். மூன்றையும் க்ளவுடில் இணைத்திருந்தார். ஒன்றில் ஒரு கோட்டை மாற்றினால் மற்ற இரண்டிலும் தானாக மாறிவிடும்.

அவருக்கு முன்பு ஒரு கூட்டாளி இருந்தார். பிரிவு... நல்லபடியாக நடக்கவில்லை. ஒரு நாள் காலை அந்த மனிதர் ஆபீசுக்கு வந்தால் அவருடைய அறைக்கு வேறு பூட்டு. மேசையும் நாற்காலியும் வராந்தாவில் கிடக்கின்றன. எல்லார் முன்னாலும் கத்தினார்.

"எனக்கு உக்கார ஒரு ரூம் இல்லாம பண்ணிட்டேல்ல? நீ மட்டும் வீடு கட்டி நிம்மதியா இருந்துடுவியா?"

"போய் ஆக வேண்டியதைப் பாருய்யா" என்றார் அண்ணி, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

கொஞ்ச நாளில் மாரடைப்பு. ஆள் போய்விட்டார். அண்ணி துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை. ஆபீசில் கிடந்த கூட்டாளியின் கம்ப்யூட்டரைப் பிரித்து, டிஸ்க்கைச் சுத்தியலால் உடைத்து, பழைய இரும்புக் கடையில் போட்டார்.

அதற்குப் பிறகுதான் வீட்டுப் பிளானில் அந்த அறை முளைத்தது. படுக்கையறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில், நாலுக்கு ஆறு. கதவு இல்லை. ஜன்னல் இல்லை. வெறும் நாலு சுவர். தூக்கக் கலக்கத்தில் நாமேதான் போட்டிருப்போம் என்று அழித்தார். ஆபீசுக்குப் போய்த் திறந்தால்... இருக்கிறது. அங்கே அழித்தார். வீட்டுக்கு வந்தால் இருக்கிறது. பக்கத்திலேயே இரண்டாவதாக ஒரு ஃபைல். 'முரண்பட்ட நகல்' என்று போட்டு, அதை அனுப்பிய கம்ப்யூட்டரின் பெயர். கூட்டாளியின் பெயர்.

"செத்தும் தொலைய மாட்டேங்கிறானே!" என்று பல்லைக் கடித்தார் அண்ணி.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை வரவழைத்தார். அவர் முதலில் சிரித்தார். "ரெண்டு மெஷின்ல ஒரே ஃபைலை ஒரே சமயத்துல மாத்தினா இப்படி ரெண்டு நகல் வரும் மேடம். சகஜம்தான்." பிறகு திரையில் இருந்ததை விரல் வைத்து எண்ணினார். "மூணு மெஷின்னு தானே சொன்னீங்க? நாலு காட்டுதே."

"நாலாவதை நானே உடைச்சுப் போட்டேன்."

"இல்லையே... இப்ப ஆன்லைன்ல இருக்கு. எதையோ அனுப்பிட்டே இருக்கு."

அந்த இணைப்பைத் துண்டித்தார். வந்த டீயைத் தொடாமலே கிளம்பிவிட்டார்.

பிளான் சுத்தமாக இருந்தது. அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு ஒரு காய்ச்சல் வந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. போனைக்கூடத் தொட முடியவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்ததும், நேராகக் கட்டுகிற இடத்துக்குக் கிளம்பினார். அதுதான் இந்தச் சாயங்காலம்.

கார் விளக்கை அணைக்காமல் இறங்கினார். ஈர சிமெண்ட் வாசனை. அதோடு இன்னொன்று... வயர் கருகுகிற மாதிரி. மேஸ்திரி டார்ச்சோடு ஷெட்டிலிருந்து வந்தார். உள்ளே போனார்கள்.

படிக்கட்டை ஒட்டி அது நின்றது. நாலுக்கு ஆறு. மேலேயும் மூடியாகிவிட்டது.

"யாரு கட்டச் சொன்னது இதை?"

"நீங்கதாம்மா! லேப்டாப்புல தினமும் புது பிளான் வந்துச்சே. வாசல் எங்க வைக்கிறதுன்னு கேக்க எத்தனை தடவை போன் போட்டேன், எடுக்கவே இல்ல. தண்ணித் தொட்டியா இருக்கும்னு மூடிட்டோம்."

அண்ணி சுவரில் காதை வைத்தார். சில்லென்றிருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு... டிக். டிக் டிக். மவுஸை அழுத்துகிற சத்தம். அவசரமே இல்லாமல், வேலையில் மூழ்கிப்போன ஆள் அழுத்துகிற மாதிரி.

"இடிங்க."

"விடியட்டும்மா, ஆளுங்க வந்ததும்..."

"இப்பவே இடிங்கன்னு சொல்றேன்ல!"

மேஸ்திரி கடப்பாறையை எடுத்தார். முதல் அடி விழுந்ததும் அந்தச் சத்தம் நின்றது. செங்கல் ஒவ்வொன்றாக உள்பக்கம் விழுந்தது. தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்ததும் டார்ச்சை உள்ளே நீட்டினார்.

ஒன்றுமே இல்லை. ஆள் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, வயர் இல்லை. அண்ணி பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார்.

"பாத்தீங்களா, இதுக்குப் போய்..." என்று ஆரம்பித்த மேஸ்திரி பாதியில் நிறுத்தினார். ஓட்டைக்குள் கையை விட்டு, சுவரின் உள்பக்கத்தைத் தடவினார். கையை வெளியே எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்.

"நாங்க வெளிப்பக்கம் மட்டும்தாம்மா பூசினோம்."

உள்ளே நாலு சுவரும், கூரையும், ஒரு மூலை விடாமல் பூசியிருந்தது. பூசுகிற கரண்டியின் தடம் எங்கேயும் இல்லை. ஐந்து ஐந்தாக விரல் தடங்கள்... பூச்சு இன்னும் காயவில்லை.