செத்த காரின் பேரிங்

அன்றைக்கு இருந்தது நான்கு பேர். வீரபாண்டி பைபாஸ் ஓரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சுரேஷ்கண்ணன். பக்கத்து வாழைக்காய் குடோன் வாட்ச்மேன் அம்மாவாசி. வாய் நிறைய வெற்றிலை. கடைகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கொண்டுவந்து போடும் மதன்குமார். அப்புறம், மில்லில் நைட் ஷிஃப்டை விட்டு நின்ற பிறகும் ராத்திரித் தூக்கம் திரும்பி வராத நான்.

மழை. கரண்ட் இல்லை. சுரேஷ்கண்ணன், மதன்குமார் கொண்டுவந்து போட்ட ஒரு பழைய சக்கர பேரிங்கில் உள்ளங்கையால் கிரீஸை அப்பிக்கொண்டிருந்தான். அதே கையால் வடையையும் பிய்த்துத் தின்றான்.

"அந்தக் கையக் கழுவுண்ணே," என்றான் மதன்குமார். "இல்ல, எங்க அண்ணனுக்கு நடந்ததச் சொல்லுவேன். அப்பறம் வடை எறங்காது."

"சொல்லுடா. எறங்குதா இல்லையான்னு பாப்பம்."

"ம்," என்று யாரோ உம் கொட்டினார்கள். கதை தொடங்கியது.

உச்சி வெயில் நேரம். மார்க்கையன்கோட்டை ரோடு. இரண்டு பக்கமும் வயல்... ஒரு ஆள் இல்லை. மதன்குமாரின் பெரியப்பா மகன் சுந்தர்ராஜ் பழைய சின்னக் காரை ஓட்டிப் போகிறார். பின்சீட்டில் நிறைமாத மனைவி யுவராணி. வலி எடுத்துவிட்டது. தேனி ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும்.

முந்தின நாள்தான் முன்சக்கர பேரிங் போயிருந்தது. புதுசு வர நாளாகும் என்றார்கள். சுந்தர்ராஜ் பழைய இரும்புக் கடையில் நொறுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து பேரிங்கையும், சக்கரத்தை ஆக்சிலோடு இறுக்கும் ஹப் நட்டையும் கழற்றி வந்தார். மெக்கானிக் மாட்டேன் என்றார்.

"இந்த நட்டோட உதட்ட ஆக்சில் பள்ளத்துல தட்டி மடக்கித்தேன் பூட்டுறது. ஒருக்கா கழட்டுனா உதடு செத்துப்போகும். மறுபடி பிடிக்காது."

"தட்டி மாட்டுங்க. மெதுவாப் போய்க்கிறேன்."

பேரிங்கைத் துடைத்தபோது பழைய கிரீஸ் சீழ் மாதிரி வழிந்தது. கறிக்கடைச் சாக்கடை நாற்றம். குண்டுகளுக்கு நடுவே நீள முடி சுற்றியிருந்தது. இழுக்க இழுக்க வந்தது... நுனியில் துளித் தோல். மண்ணெண்ணெயில் அலசி, அதையே மாட்டினார்கள்.

வேகம் எடுத்தால் நட்டு கழன்றுவிடும். சுந்தர்ராஜ் ஊர்ந்துதான் போனார். அவள் மயங்கிவிடாமல் இருக்கப் பேசிக்கொண்டே போனார்.

"யுவராணி, சின்னமனூர் வந்தாச்சு."

"ம்."

"கண்ண மூடிராத."

"ம்."

கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவது போல, அவர் நிறுத்துகிற இடத்தில் சரியாக வந்தது. உம் வருகிறதே என்ற தைரியத்தில் இன்னும் மெதுவாக ஓட்டினார். கார் முழுக்க அந்தக் கிரீஸ் நாற்றம்.

ஆஸ்பத்திரி வாசலில் பின்கதவைத் திறந்தார். யுவராணியின் உதட்டில் ஈ மொய்த்திருந்தது. பார்த்த நர்ஸ் சொன்னாள்: "உசுரு போயி ரொம்ப நேரமாச்சேண்ணே."

"வீரபாண்டி வரைக்கும் பேசுனாளே!" என்று கத்தினார்.

"ம்."

நின்றுபோன முன்சக்கரத்துக்குள்ளிருந்து வந்தது அது.

மதன்குமார் நிறுத்தினான்.

"காரு என்னாச்சு?" என்றான் சுரேஷ்கண்ணன்.

"அதே இரும்புக் கடையில போட்டுட்டாக."

சுரேஷ்கண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "ஏலே... இந்த பேரிங்க எங்கன எடுத்த?"

"பழசே போதும்னு நீதானண்ணே சொன்ன."

சுரேஷ்கண்ணன் மிச்ச வடையைத் துப்பினான். எச்சிலோடு நீளமாக ஒரு முடி தொங்கியது. அதை விரலில் சுற்றி இழுத்தான்... வந்துகொண்டே இருந்தது. அம்மாவாசி வெற்றிலையோடு ஓங்கரித்தார்.

பேரிங்கைப் போட்டுவிட்டு மழையில் இறங்கினோம். சுரேஷ்கண்ணன் ஷட்டரை இறக்கிக்கொண்டே, பழக்கத்தில் கேட்டான்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"ம்."

உள்ளேயிருந்து.

நாங்கள் நால்வரும் வெளியேதான் நின்றோம். சுரேஷ்கண்ணன் குனிந்து பார்க்கவில்லை. ஷட்டரைத் தரைவரை மிதித்து இறக்கி, கிரீஸ் கையாலேயே பூட்டினான்.