மூணாஞ்செட்டு முட்டைக்கணக்கு

— வண்டியத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க மாமா. மூணாஞ்செட்டுக் கோழி கறிக்குப் போகாது.

— கறிக்கோழி யாவாரி ராசப்பன் வண்டி பொறப்பட்டாச்சு தனப்பிரியா. பத்தாயிரம் கோழிக்குத் தீவனத்தக் கொட்டி, மாசம் ஒரு லட்சத்து அறுவத்தி நாலாயிரம் முட்டையா? என்ற ஒண்ணாஞ்செட்டுலயும் அதே பத்தாயிரந்தான். ரெண்டு லட்சத்து அறுவத்தெட்டாயிரம்! நாஞ்சொல்லல, உன்ற கம்ப்யூட்டரு சொல்லுது.

— எங்கையில நீங்க குடுத்த மொத கோழிக்கொட்டாய்ங்க அது. குஞ்சுல இருந்து வளத்தேன். நாளுக்கு ஒம்பதாயிரத்துக்குக் கொறஞ்சதே இல்லீங்க.

— அப்பறம் கூட்டுனா மீதி முட்டை எங்க போச்சு?

— இப்பிடி உக்காருங்க. கம்ப்யூட்டருல இந்த வரிசையப் பாருங்க. சிலது சோத்தாங்கைப் பக்கம் ஒட்டி நிக்குது, சிலது நொட்டாங்கைப் பக்கம். தெரியுதுங்களா?

— கண்ணாடி போட்டிருக்கறனே, தெரியாம என்ன.

— சோத்தாங்கைப் பக்கம் நிக்கறது நம்பரு. நொட்டாங்கைப் பக்கம் நிக்கறத இது எழுத்துன்னு நெனச்சுக்கும். கூட்டச் சொன்னா எழுத்தையெல்லாம் உட்டுப்போட்டுப் போயிருமுங்க.

— தப்புன்னு சொல்லாதா?

— ஒரு வார்த்தை சொல்லாதுங்க.

— எந்தக் கூறுகெட்டவன் அப்பிடி அடிச்சு வெச்சான்?

— படிக்கறேன் கேளுங்க. அஞ்சாந்தேதி, “9150 முட்டை”. ஆறாந்தேதி, “9180 நல்ல முட்டை, உடைசல் 20”. ஏழாந்தேதி, “9165 முட்டை, நல்ல மழை”.

— இப்பிடி எத்தன நாளு?

— மொத்தம் பன்னண்டு நாளு. நான் தம்மம்பட்டில எங்கம்மா ஊட்டுல இருந்த பன்னண்டு நாளுங்க மாமா.

— வெறும் நம்பரப் போட்டா எதோட நம்பருன்னு யாருக்குத் தெரியும்னு நெனச்சேன் சாமி.

— போகுதுங்க, உடுங்க. பக்கத்து வரிசைல ஒரு ஃபார்முலா போடறேன். எழுத்துக் கலந்த கட்டத்துல மொத நம்பர மட்டும் எடுத்துக்கும். உடைசலும் மழையும் அங்கயே கெடக்கட்டும்.

— இரு. இத நம்பி ஒருக்கா ஏமாந்தாச்சு. முட்டைத்தட்டு எண்ணி எழுதுன சீட்டு எங்கிட்ட இருக்குது. ஒம்பதாந்தேதி எவ்வளவு?

— ஒம்பதாயிரத்து நூத்தித் தொண்ணூறு.

— ம். பதிமூணாந்தேதி?

— ஒம்பதாயிரத்து நூத்தி அம்பது.

— சரியாத்தான் இருக்குது. கூட்டு பாக்கலாம்.

— ரெண்டு லட்சத்து எழுவத்தி நாலாயிரத்து ஐநூறுங்க.

— ஒண்ணாஞ்செட்ட விட ஆறாயிரத்து ஐநூறு ஜாஸ்தியா! நாப்பது வருசமா கோழி வளக்கற இந்த அப்புசாமி செட்ட என்ற மருமவ செட்டு தாண்டிருச்சா?

— தாண்டிருச்சுங்க. மொதல்ல போனப் போடுங்க மாமா, வண்டி வந்துரும்.

— அலோ, ராசப்பனா? வண்டியத் திருப்பிக்கப்பா. கோழி கெடையாது. அட, காரணமெல்லாம் அப்பறம் சொல்றேன். வேற எப்பக் கெடைக்குமா? அதெல்லாம் எங்கிட்டக் கேக்காத. பண்ணை மொதலாளிகிட்டக் குடுக்கறேன், இரு… இந்தா அம்மிணி, நீ பேசு.