மூணாவது ஓலை

— கால ஆட்டாதீங்கண்ணி, பெஞ்சே ஆடுது.

— நானாடி ஆட்டுறேன்? அதுவா ஆடுது, மேகலா.

— ஆடாம என்ன பண்ணும்? ரெண்டு வாரமா பங்குச்சாமி ஞாயித்துக்கெழம பூசையில வேணியோட கல்யாண ஓலைய வாசிச்சு, தடை இருந்தா சொல்லுங்கன்னாரு. நீங்க வாயே தொறக்கல. இன்னிக்கி மூணாவது ஓலை. இதையும் வுட்டா புதன்கெழம தாலி ஏறிடும்.

— தெரியும்டி.

— பூலாம்பாடி மாப்ள வூட்டுக்காரங்க வேன் புடிச்சு வந்திருக்காங்க, அந்தா பாருங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, வந்த வேன்லயே திரும்பிப் போயிடுவாங்க.

— என்னான்னு சொல்லச் சொல்ற?

— அன்னிக்கி உங்க கல்யாண ஓலைய வாசிக்கையில வேணியோட அப்பன் அரியமுத்து எந்திரிச்சு என்ன சொன்னாரு? ‘இந்தப் பொண்ணுக்கு ஏற்கனவே ரெஜிஸ்டர் கல்யாணம் ஆயிருக்கு’ன்னாருல்ல? அதையே திருப்பிச் சொல்லுங்க.

— அது பொய்யாச்சேடி!

— அவரு மட்டும் உண்மையா சொன்னாரு? தனக்கு உங்களப் பொண்ணு கேட்டு உங்கப்பா குடுக்கலங்கற கடுப்பு. இதே கோயிலுக்குள்ள கூசாம சொன்னாரு. பொய்யின்னு தெரியறதுக்குள்ள உங்க மாப்ள வேற எடத்துல கட்டிட்டாரு. உங்கப்பா அந்த வேதனையிலயே போய்ச் சேந்தாரு. நீங்க ஒண்டியா தையல் மிசின மிதிச்சிக்கிட்டுக் கெடக்கீங்க. உங்க தம்பி இன்னிக்கும் அந்தாளு மூஞ்சியில முழிக்கிறதில்ல. கட்டிக்கிட்டு வந்த எனக்கே வயிறு எரியுது. உங்களுக்கு எரியாது?

— எரிஞ்சிச்சு புள்ள. சோத்துல கை வச்சா அவன் மூஞ்சி, செபமாலைய உருட்டுனா அவன் மூஞ்சி. இருவது வருசமா எரிஞ்சிச்சு.

— அப்பறம் என்ன யோசன?

— யோசனையெல்லாம் ஒண்ணும் இல்ல. எந்திரிக்கத்தான் போறேன்.

— நெசமாவா?

— நெசமாத்தான்.

— அண்ணி... இருங்க. வேணி திரும்பி உங்களத்தான் பாக்குது.

— போன வாரத்துலேர்ந்தே பாக்குது.

— ஒதடு நடுங்குதுண்ணி. அந்தப் புள்ள என்னா பாவம் பண்ணுச்சு? நான் ஏதோ வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன். வேணாம், வுட்டுருங்க.

— கைய வுடுடி. சாமி வாசிக்கப் போறாரு.

— மூன்றாம் ஓலை. நம் பங்குக் கோயிலைச் சேர்ந்த அரியமுத்து மகள் வேணிக்கும், பூலாம்பாடியைச் சேர்ந்த தமிழழகனுக்கும் வருகிற புதன்கிழமை திருமணம் நடைபெற உள்ளது. தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

— அண்ணி, உங்க கால்ல வுழுறேன், உக்காருங்க!

— சாமி, நான் ஒண்ணு சொல்லணும்.

— வெற்றிச்செல்வியா? சொல்லும்மா.

— தடை இருக்கு சாமி. வேணிகிட்ட இல்ல, அது தங்கமான புள்ள. என்கிட்ட இருந்துச்சு. எனக்கு இங்க ஓலை வாசிக்கையில ஒருத்தரு சொன்ன பொய்யில என் கல்யாணம் நின்னு போச்சு. அவரு பேரச் சொல்ல நான் எந்திரிக்கல.

— அமைதி! யாரும் பேசாதீங்க. நீ சொல்லும்மா.

— அவர மன்னிக்க எனக்கு மனசே வரல சாமி. அவ்ளோ பெரிய மனசெல்லாம் எனக்குக் கெடையாது. இன்னிக்கிக் காலையில சிலுவைகிட்ட முட்டி போட்டு சண்டையே போட்டேன். ‘ஆணி அடிச்சவனுக்கே மன்னிப்பு கேட்ட வாயாச்சே ஆண்டவரே, என்னால முடியல, அந்த வாய எனக்கு ஒரு நிமிசம் இரவல் குடுய்யா’ன்னேன். குடுத்துட்டாரு சாமி! இந்தா, பேசுறேன்ல! அவர நான் மன்னிச்சிட்டேன். இத்தன வருசத்துல இன்னிக்கித்தான் நெஞ்சு லேசா இருக்கு.

— அண்ணி, அரியமுத்து மூஞ்சியப் பொத்திக்கிட்டு குலுங்கிக் குலுங்கி அழுவுறாரு.

— அழுவட்டும்டி, அவருக்கும் லேசாவட்டும்.

— அப்படின்னா இந்தக் கல்யாணத்துக்கு உன் பக்கத்துல ஆட்சேபணை ஒண்ணும் இல்லையேம்மா?

— ஆட்சேபணையா? புதன்கெழம வேணி பக்கத்துச் சாட்சியா கையெழுத்துப் போடப் போறதே நான்தான் சாமி!