முதல் வரைவு

குட்டை: அந்த அகராதியை ஏன்டி பெட்டிக்குள்ள திணிக்கிறே? செங்கல் மாதிரி இருக்கு.

நெட்டை: ரெண்டு வருஷம் அதோடதான் குடித்தனம் நடத்தினேன். விட்டுட்டுப் போகச் சொல்றியா?

குட்டை: உங்க அண்ணன்தான் தூக்கிட்டு மூணு மாடி இறங்கணும். பாவம்.

நெட்டை: கீழே வார்டன்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டிருக்கான். கடைசி வருஷத்துல நான் ஏன் பாதியில வீட்டுக்கு வர்றேன்னே அவனுக்கு இன்னும் புரியலை.

குட்டை: நீ என்ன சொன்னே?

நெட்டை: காப்பியடிச்சேன்னு நிறுத்திட்டாங்கன்னேன். "பரீட்சையிலயா?"ன்னான். இல்லண்ணா, ஆய்வுக் கட்டுரையிலன்னேன். "உலக இலக்கியத்துல காப்பியடிக்க என்னம்மா இருக்கு?"ன்னு கேக்கறான்.

குட்டை: சிரிக்காதேடி... இது சிரிக்கிற விஷயமா?

நெட்டை: சிரிக்காம? ரெண்டு நாட்டு நாவல். ரெண்டுலயும் அணை கட்டறாங்க, ஊர் முங்கிப் போகுது. முங்கின வீட்டை இந்த மொழி எப்படிச் சொல்லுது, அந்த மொழி எப்படிச் சொல்லுதுன்னு சொல்லுக்குச் சொல் தேடி எழுதினது நான். நான் கொடுக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி அது நம்ம புரொபசர் பேர்ல பத்திரிகையில வருது. கடைசியில நான் அவரைப் பார்த்து எழுதினேனாம்!

குட்டை: அந்த ஆளு உருப்படவே மாட்டான்.

நெட்டை: நல்லா உருப்படுவாரு. அடுத்த துறைத்தலைவரே அவர்தானாம்.

குட்டை: நானும் விசாரணையில சொல்லிப் பார்த்தேனே...

நெட்டை: என்ன சொன்னே?

குட்டை: எத்தனை தடவைடி கேப்பே? மூணு வருஷமா ஒரே ரூம், அவ எழுத எழுத எனக்குப் படிச்சுக் காட்டினான்னு... அவங்க நம்பலை.

நெட்டை: அப்படியா.

குட்டை: என்ன, அப்படியாங்கறே?

நெட்டை: நீ எழுதிக் கொடுத்ததை எனக்குக் காட்டினாங்க. "ரூம்ல அவ எதையும் எழுதி நான் பார்த்ததில்லை." ஒரே வரி. கீழே உன் கையெழுத்து.

குட்டை: பெட்டியில... இன்னும் என்ன வைக்கணும்?

நெட்டை: அந்தப் போர்வையை எடு.

குட்டை: எப்ப... எப்ப காட்டினாங்க?

நெட்டை: திங்கக்கிழமை.

குட்டை: மூணு நாளா தெரிஞ்சுக்கிட்டா என்கூட உட்கார்ந்து சாப்பிட்டே?

நெட்டை: நீயும்தானே சாப்பிட்டே.

குட்டை: நான் சொல்றதைக் கேளு... உன் கட்டுரையை அவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினதே நான்தான். நல்ல எண்ணத்துலதான்டி! நீ கூச்சப்பட்டுக்கிட்டு உள்ளயே வெச்சிருந்தே. பார்த்தா உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடுவாருன்னு நினைச்சேன். பத்திரிகையில வந்ததும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நேரா போய்க் கேட்டேன். மேல்படிப்புக்கு சிபாரிசுக் கடிதத்தை என் கையில கொடுத்துட்டு, "நீ எதையும் பார்க்கலை, சரியா?"ன்னாரு.

நெட்டை: சரின்னுட்டே.

குட்டை: அந்த சீட் கிடைக்கலைன்னா எங்க வீட்டுல அடுத்த மாசமே எனக்குக் கல்யாணம்... உனக்குத் தெரியாததா? வா, இப்பவே துறைக்குப் போலாம். எல்லாத்தையும் சொல்லிடறேன். சத்தியமா.

நெட்டை: வேண்டாம், உட்காரு. அந்த ரெண்டாவது நாவலோட மொழியில வாசப்படிக்கும் தங்கச்சிக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். உன்கிட்ட கொடுத்த முதல் பிரதியில வாசப்படி மூழ்கினதை "தங்கச்சி தண்ணியில மூழ்கிட்டா"ன்னு தப்பா எழுதியிருந்தேன். அப்புறம் திருத்திட்டேன். அவர் கட்டுரையில அந்தத் தங்கச்சி இன்னும் மூழ்கிக்கிட்டேதான் இருக்கா. முதல் பிரதி உன்னைத் தவிர யார்கிட்டயும் இல்லை. இதையெல்லாம் எழுதி பதிவாளர்கிட்ட கொடுத்திருக்கேன், உன் பேரையும் சேர்த்து. நேத்து சாயங்காலம் வரைக்கும் நீயே சொல்லுவேன்னு உன் வாயைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்டி... நாளைக்குப் பத்து மணிக்கு உன்னைக் கூப்பிடுவாங்க.